‘ஒண்ணுமில்ல சார்’ என்று சொல்லும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் பள்ளி விளையாட்டு வீரர்களின் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முழங்காலை விட்டுவிட்டுத் தலைக்குப் போய்விட்டன. சரி, இந்த முறை முழுக்கத் தலையில் அடிபடுவதைப் பற்றியே பேசுவோம். எல்லாரும் பெங்களூரு வாசகர்கள். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு, ஸ்கூல் ஃபுட்பால் டீமில் டிஃபென்ஸ் ஆடுகிறான். கார்னர் கிக்குக்கு எகிறும்போது இன்னொரு பையன் தலையும் இவன் தலையும் மோதிக்கொண்டதாம். முழு மேட்சும் ஆடிவிட்டுத்தான் வந்தான். ராத்திரி லைட் போட்டால் கண் கூசுகிறது என்றான், ஒருமுறை வாந்தியும் எடுத்தான். பி.டி. சாரிடம் சொல்லலாம் என்றால், “ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன்மா, நீ சொன்னா என்னைத் தூக்கிடுவாங்க” என்று அழுகிறான். என்ன செய்ய? (ஒரு அம்மா, அல்சூர்)

பதில்: இது அச்சாகி வருவதற்குள் அந்த ஞாயிறு போய்விடும் என்பதால் உங்களுக்குத் தனியாகவே பதில் அனுப்பிவிட்டேன் அம்மா: டாக்டரிடம் காட்டுங்கள், செலக்‌ஷனுக்கு அனுப்பாதீர்கள். இனி எழுதுவது, இதே நிலைமையில் இருந்தும் கடிதம் எழுதாத மற்ற அம்மாக்களுக்கும் சேர்த்து.

தலையில் மோதல், அப்புறம் கண் கூச்சம், வாந்தி. கன்கஷன், அதாவது அடியில் மூளை அதிர்ந்துபோவது, என்று சந்தேகப்பட இவ்வளவு போதும். பி.எம்.டி.சி. டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் பஸ் நிற்கும், நாம் நிற்கமாட்டோம் அல்லவா? மண்டையோட்டுக்குள் தண்ணீரில் மிதக்கும் மூளைக்கும் அந்த ஒரு நொடியில் அதுதான் நடக்கிறது, அதோடு கொஞ்சம் திருகலும் சேர்ந்துகொள்கிறது. எலும்பு உடைவதில்லை, ரத்தம் கசிவதில்லை. ஆனால் நரம்பு செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே போய், வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே வந்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய செல்லுக்கு ஏகப்பட்ட சக்தி வேண்டும், அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். இந்தப் பற்றாக்குறையில்தான் தலைவலி, கிறுகிறுப்பு, மந்தம், எரிச்சல், தூக்கம் கெடுவது எல்லாம் வருகிறது. மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பத்தில் ஒருவர்கூட மயங்குவதில்லை. சில பிள்ளைகளுக்கு முதல் அறிகுறியே அன்று ராத்திரியோ மறுநாளோதான் வரும்.

உங்கள் மகன் ஏன் மறைத்தான்? அவன் ஒன்றும் அதிசயப் பிள்ளை இல்லை. அமெரிக்காவில் மில்வாக்கி பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளில் அவர்கள் ஊர் ஃபுட்பால் ஆடும் 1,532 பையன்களிடம் விசாரித்து 2004-இல் ஒரு ஆய்வு வெளியானது. அந்த சீசனில் கன்கஷன் ஆனவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே, 47 சதவீதம், யாரிடமாவது சொல்லியிருக்கிறார்கள். சொல்லாதவர்கள் கொடுத்த முதல் காரணம், இது அவ்வளவு பெரிய விஷயம் என்று நினைக்கவில்லை என்பது. அடுத்தது, ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிடுவார்கள் என்பது. உங்கள் வீட்டில் நடந்தது இந்த இரண்டாவது. நம் பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு, மாமா யாரோ ஃபுட்பால் ஆடியே கம்பெனி வேலைக்குப் போன கதை, இதெல்லாம் அல்சூர், ஆஸ்டின் டவுன் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்துகொண்டே இருக்கும். அவன் அழுவதை வெறும் அடம் என்று நினைக்காதீர்கள்.

அதனால் “மூளை போயிடும்டா” என்று பயமுறுத்தாமல், அவன் கணக்கிலேயே பேசுங்கள். 2016-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, அடிபட்ட உடனே வெளியே வந்த பள்ளி, கல்லூரி வயது வீரர்களையும், சொல்லாமல் தொடர்ந்து ஆடியவர்களையும் ஒப்பிட்டது. சின்ன ஆய்வுதான், 69 பேர். உடனே வெளியே வந்தவர்கள் குணமாகச் சராசரியாக 22 நாள் ஆனது. தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாள். ஒரு மேட்சைக் காப்பாற்றப் போய் ஒரு டோர்னமென்டையே விடுகிற கணக்கு இது. பதினாலு வயதுப் பையனுக்கு வேறெந்த அறிவுரையைவிடவும் இது சீக்கிரம் புரியும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். “இனிமே ஃபுட்பாலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்று அந்தக் கோபத்தில் சொல்லிவிட்டால், அடுத்த முறை வாந்தி எடுத்தாலும் உங்களுக்குத் தெரியாத இடத்தில்தான் எடுப்பான்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். தலைவலி நேரம் ஆக ஆகக் கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், குளறும் பேச்சு, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது, குழப்பம் கூடிக்கொண்டே போவது, மூக்கிலோ காதிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வருவது, கடுமையான கழுத்து வலி. இதில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது, 108-க்குப் போன் செய்யுங்கள். ஓசூர் ரோட்டில் இருக்கும் மூளை, நரம்பு ஆஸ்பத்திரியான நிமான்ஸில் இருபத்து நாலு மணி நேரமும் அவசரப் பிரிவு உண்டு. பக்கத்தில் ஸ்கேன் வசதியுள்ள வேறு ஆஸ்பத்திரி இருந்தால் அங்கேயே முதலில் போங்கள், டிராஃபிக்கில் நேரத்தை விட வேண்டாம்.

கேள்வி: நான் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். வருஷா வருஷம் அசெம்பிளியில் சொல்கிறேன், தலையில் அடிபட்டால் மறைக்காதீர்கள் என்று. நோட்டீஸும் அடித்துக் கொடுத்தேன். எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள், ஆனால் ஒருத்தனும் வந்து சொல்வதில்லை. வேறு எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது? (விவேக் நகர்)

பதில்: சார், நோட்டீஸாவது அடித்தீர்களே, அதுவே பல பள்ளிகளில் கிடையாது. ஆனால் நோட்டீஸ் தனியாக நின்று வேலை செய்யாது.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2006-இல் சாக்கரி லிஸ்டெட் என்கிற 13 வயதுப் பையன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டுக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்துவிட்டு மறுபடி இறங்கி ஆடினான். மேட்ச் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக் கசிவு, அறுவை சிகிச்சை, மறுபடி பேசவும் நடக்கவும் வருஷக் கணக்கில் பழக வேண்டியதாகிவிட்டது. 2009-இல் அந்த மாநிலம் அவன் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2014-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் அது வந்துவிட்டது. அதில் மூன்று விஷயம்: பிள்ளையும் பெற்றோரும் வருஷா வருஷம் தகவல் தாளைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, தகுதியுள்ள மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்பி ஆட முடியாது. உங்கள் நோட்டீஸ் இதில் முதலாவது மட்டும். என்னைக் கேட்டால் மூன்றில் பலம் குறைந்ததும் அதுதான். அறிகுறி தெரியாமல் சொல்லாதவர்களும் உண்டு, ஆனால் தெரிந்தே மறைக்கிறவர்களை நோட்டீஸ் மாற்றாது.

முதலில் அசெம்பிளியை விட்டுவிடுங்கள். சீசனின் முதல் பிராக்டிஸில், கிரவுண்டிலேயே உட்கார வைத்து இருபது நிமிஷம் பேசுங்கள். அறிகுறிகளை அவர்கள் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள், தமிழிலும் கன்னடத்திலும் கலந்தே சொல்லுங்கள்: மண்டை கிர்ருங்குது, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது, சத்தம் காதில் குத்துது, ஏதோ கனவுல இருக்கற மாதிரி இருக்கு, “ஒரு மாதிரியா இருக்கு சார்”. இந்தக் கடைசியே போதும், வெளியே உட்கார வைக்க வேறு காரணம் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அடிபட்டவனிடம் “ஓகேவாடா?” என்று கேட்கவே கேட்காதீர்கள். அதற்கு உலகம் பூராவும் ஒரே பதில்தான், “ஒண்ணுமில்ல சார்”. பேர் என்ன, எந்த ஸ்கூல் என்பதும் உதவாது, கன்கஷன் ஆனவனுக்கும் அதெல்லாம் நன்றாகவே தெரியும். ஆஸ்திரேலிய ஃபுட்பால் வீரர்களை வைத்து 1995-இல் மேடாக்ஸ் என்கிற நரம்பியல் உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் சோதித்துப் பார்த்த கேள்விகள்தான் இன்றுவரை பழக்கத்தில் இருக்கின்றன: இப்போ எந்த கிரவுண்டில் இருக்கோம்? இது எந்த ஹாஃப்? கடைசியா கோல் போட்டது யார்? போன மேட்ச் யாரோட ஆடினோம்? அதில் ஜெயிச்சோமா? ஒன்று தவறினாலும் வெளியே. ஆனால் எல்லாம் சரியாகச் சொன்னால் கன்கஷன் இல்லை என்று அர்த்தமாகாது, இதைப் பல கோச்சுகள் மறந்துவிடுகிறார்கள்.

இதை நடித்தே பழக்கலாம். ஒரு பையன் அடிபட்டவனாக நடிக்கட்டும், தள்ளாடட்டும், தப்பான பக்கம் ஓடட்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். சிரிப்பாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், சிரித்தது மறக்காது. இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ‘உன் ஜோடிக்கு அடிபட்டால் வந்து சொல்வது உன் பொறுப்பு’ என்று ஒப்படையுங்கள். அடிபட்ட மூளையிடமே ‘உனக்கு அடிபட்டிருக்கா?’ என்று கேட்பதில் ஒரு கோளாறு இருக்கிறது, பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும். கன்கஷனை அடையாளம் காண ஒரு சின்னக் குறிப்புத் தாள் இருக்கிறது, சி.ஆர்.டி.6 என்று பெயர், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கிட் பேகில் வலி ஸ்ப்ரே பக்கத்தில் ஒன்றை வையுங்கள். ஸ்ப்ரேயைத் தலையில் அடிக்கிற கோச்சுகளையும் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

இதையெல்லாம்விட முக்கியம், சொன்னவன் இடம் போகாது என்பது. வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், எழுதி ஒட்டுங்கள்: தலையில் அடிபட்டதைச் சொல்லி வெளியே இருந்தவனுக்குக் குணமான பிறகு தனியாக ட்ரையல் உண்டு, கேப்டன் பட்டை போகாது. ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் இருந்தால் நல்லது. 2020-இல் கான்பெராவில் ஜடேஜா ஹெல்மெட்டில் அடி வாங்கினார், பதிலுக்கு இறங்கிய சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனும் ஆனார். அதற்காக ஜடேஜாவின் இடம் போய்விட்டதா? இந்த உதாரணம் பையன்களிடம் நன்றாக எடுபடும்.

முதல் பையன் வந்து சொல்லும் நாளன்று மொத்த டீமும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஃபைனலில் ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போதுதான் பெரும்பாலும் அந்த நாள் வரும். நீங்கள் அப்போது உச்சுக்கொட்டினால் நோட்டீஸ், நடிப்பு, இருபது நிமிஷம் எல்லாம் வீண். அதே மாதிரி ஆண்டு விழாவில் “மண்டையில் கட்டோடு வந்து ஆடினானே எங்கள் சிங்கம்” என்று மைக்கில் புகழ்வதையும் நிறுத்தச் சொல்லுங்கள். மைக் பெரும்பாலும் கரஸ்பாண்டென்ட் கையில் இருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

கேள்வி: எங்கள் காலத்தில் கவுதமபுரத்தில் வெறுங்காலோடு ஆடினோம். மண்டை உடைந்தால் மஞ்சள் தூளை அப்பிக்கொண்டு மறுபடி இறங்குவோம். யாரும் செத்துப்போகவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் டாக்டரா? (ஒரு தாத்தா, பழைய ரைட் விங்)

பதில்: மஞ்சள் தூள் வெளியில் இருக்கும் காயத்துக்கு, தாத்தா. உள்ளே இருப்பதற்கு அது போய்ச் சேராது.

ரமன் லாம்பாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இந்தியாவுக்குக் கிரிக்கெட் ஆடிய டெல்லிக்காரர். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் மேட்சில் ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்றார், பேட்ஸ்மேன் அடித்த பந்து தலையில் பட்டது. எழுந்து தானாகவே நடந்து வெளியே போனார். சில நாளிலேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார், வயது 38. அது கன்கஷனைத் தாண்டிய உள் ரத்தக் கசிவு, அபூர்வம்தான். ஆனால் எழுந்து நடந்துவிட்டான், பேசுகிறான், அதனால் ஒன்றுமில்லை என்கிற கணக்கு தப்பு என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? 2019-இல் லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித் ஆர்ச்சர் பந்தில் கழுத்தில் அடிபட்டு, சோதனையில் தேறி, அன்றே திரும்பி வந்து பேட் பிடித்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தது. கன்கஷனுக்கு மாற்று ஆட்டக்காரர் விதி அந்த மாதம்தான் அமலுக்கு வந்திருந்தது, லபுஷேன் இறங்கினார். ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு டாக்டர் படையே இருந்தும் முதல் நாள் தெரியவில்லை, நம் பேரனுக்கு இருப்பது ஒரு பி.டி. மாஸ்டரும் ஒரு ஐஸ் பாக்ஸும்.

உங்கள் காலத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். அடிபட்டு மார்க் குறைந்துபோனவனை மக்கு என்றும், எரிந்து விழுந்தவனைத் திமிர் பிடித்தவன் என்றும் சொல்லியிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகனுக்கு கிரிக்கெட்டில் அடி. சி.டி. ஸ்கேன் நார்மல். ஆனால் படிக்க உட்கார்ந்தால் தலை கனக்கிறது என்கிறான். ஆட அனுப்பலாமா? படிப்பிலிருந்து தப்பிக்கப் பொய் சொல்கிறானா? (பிரேசர் டவுன்)

பதில்: பொய் இல்லை. சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். கன்கஷன் அதில் தெரியாது. நார்மல் என்றால் ஆபத்தான வேறொன்று இல்லை என்று அர்த்தம், குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

முன்பெல்லாம் இருட்டறையில் படுக்க வைப்பார்கள். இப்போது அப்படி இல்லை. ஆம்ஸ்டர்டாமில் 2022-இல் நிபுணர்கள் கூடி 2023-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, முதல் ஒன்றிரண்டு நாள் அளவான ஓய்வு, போன் டிவி குறைவு, வீட்டுக்குள் சாதாரணமாக நடமாடலாம். பிறகு மெல்லிய நடை, சைக்கிள், லேசான ஓட்டம், தனியாகப் பயிற்சி, மோதல் இல்லாத குழுப் பயிற்சி, முழுப் பயிற்சி, மேட்ச் என்று படி ஏற வேண்டும், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். மோதல் வாய்ப்புள்ள பயிற்சிக்குப் போகும் முன் அறிகுறிகள் முழுக்கப் போயிருக்க வேண்டும், டாக்டரும் சரி என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நாலு வாரம் வரை ஆவது சகஜம். பள்ளிக்கூடம் முதலில், மைதானம் பிறகு: ஒரு முழு நாள் வகுப்பில் உட்கார முடியாதவன் பந்து வீசப் போக வேண்டாம். படிப்பையும் இருபது நிமிஷம், ஓய்வு, இருபது நிமிஷம் என்று உடைத்துக் கொடுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. வருஷம் என்று டியூஷனுக்கும் சேர்த்து விரட்டினால் இழுத்துக்கொண்டே போகும்.

கேள்வி: தலையில் அடிபட்டால் தூங்கவிடக் கூடாதாமே? ஹெல்மெட் போட்டால் கன்கஷன் வராதா? (ஜீவன் பீமா நகர்)

பதில்: டாக்டர் பார்த்துவிட்டார், மேலே சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை, பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால் தூங்கட்டும், தூக்கம் நல்லது. முதல் ராத்திரி யாராவது கூட இருக்கட்டும். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை மாத்திரை கொடுக்க வேண்டாம். ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும், அதற்காகக் கட்டாயம் போட வேண்டும். உள்ளே மூளை ஆடுவதை அதனால் நிறுத்த முடியாது.

கேள்வி: நான் பி.யு.சி. முதல் வருஷம், காலேஜ் ஹாக்கி டீம். நேற்று பிராக்டிஸில் என் ஃப்ரெண்ட் டர்ஃபில் விழுந்து பின்மண்டையில் அடி. அப்புறம் “இன்னிக்கு என்ன கிழமை?” என்று மூணு தடவை என்னையே கேட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். சொன்னால் துரோகமா? (ஆஸ்டின் டவுன்)

பதில்: சொல்லும்மா, இன்றைக்கே சொல்லு. உனக்கும் போன் செய்து இதைத்தான் சொன்னேன். அந்தச் சத்தியத்தை வாங்கினவள் அப்போது ஒழுங்காக யோசிக்கிற நிலைமையில் இல்லை, கிழமையே தெரியாதவளுக்குச் செய்து கொடுத்த சத்தியம் அது.

எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம். முதலில் அவளிடமே, “நான் மேடத்திடம் சொல்லப் போறேன், நீயும் வா” என்று சொல்லிவிடு, முதுகுக்குப் பின்னால் வேண்டாம். மேடத்திடம் போய் “அவளுக்குக் கன்கஷன்” என்று சொல்லாதே, உனக்கென்ன தெரியும் என்பார்கள். பார்த்ததை மட்டும் சொல்: இத்தனை மணிக்கு விழுந்தாள், பின்மண்டை, ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டாள். மேடம் காதில் வாங்கவில்லை என்றால் அவள் அம்மாவுக்குப் போன் செய். குழப்பம் கூடுகிறது, வாந்தி வருகிறது என்றால் யார் அனுமதிக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல். இன்னொன்று, அவள் ஸ்கூட்டி ஓட்டுகிறவளாக இருந்தால் சாவியை வாங்கி வைத்துக்கொள்.

இது ஆண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஃபுட்பால் மாதிரி இரண்டு பேரும் ஆடும் ஆட்டங்களில் பெண்களுக்குத்தான் கன்கஷன் அதிகம் பதிவாகியிருக்கிறது.

ஒரு வாரம் அவள் உன்னோடு பேசாமல் இருக்கலாம். பத்திரிகையில் எழுதுகிற ஆள் சொல்லச் சொன்னார் என்று என் தலையில் பழியைப் போட்டுவிடு, எனக்கு ஒன்றும் ஆகாது. அவளால் இந்த வாரம் ரொம்ப நேரம் எழுதவோ போர்டைப் பார்க்கவோ முடியாது, அதனால் அவள் நோட்ஸையும் சேர்த்து நீயே எழுதி வை.